ஒன்பது நிமிஷம்

சிரிக்கலாம், சத்தம் மட்டும் வரக்கூடாது என்றார்கள்.
கையுறையைச் சுருட்டி வாயில் திணித்துக்கொண்டேன்.
லண்டன் ஓரத்தில் ஒரு கொட்டகை.
போன வருஷம் வரை அதில் ஜாம் காய்ச்சினார்களாம்,
மூலையில் இன்னும் ஆரஞ்சுத் தோல் வாசம்.
நாலு பக்கமும் கம்பளி தொங்கியது,
சுவருக்குக் குளிர்காய்ச்சல் வந்த மாதிரி.

கேமராவை ஓர் அலமாரிக்குள் பூட்டி
கேமராக்காரனையும் கூடவே பூட்டினார்கள்.
கதவு திறக்கும்போதெல்லாம்
வெந்த உருளைக்கிழங்காய் வெளியே வருவான்.
மைக்கைக் காகிதத் திஸில் பூக்களுக்குள் ஒளித்திருந்தார்கள்.
கிளாஸ்கோவின் மேல்மாடி வரை
தொண்டையாலேயே எட்டிப் பிடித்த டூகல் பின்னி
அன்றைக்கு ஒரு பூச்சாடியிடம் பேசினான்.

லாடம் அடித்த பூட்ஸைக் கழற்றச் சொன்னார்கள்,
இடி இடிக்கிறதாம்.
பிறகு கோணல் தடியின் பூண்.
பிறகு இடுப்புப் பையின் வெள்ளிக் குஞ்சம்.
கில்ட்டின் மடிப்புகூட உரசுகிறது என்றான்
ஒலிக்கூண்டுக்குள் இருந்த டப் என்கிற பையன்.
"அதையும் கழற்றட்டுமா?" என்றான் டூகல்.
அன்றைக்கு அவன் சொன்னதில் அதுதான் நல்ல ஜோக்.
அதைப் பதிவு செய்யவில்லை.

கம்பளிக் காலுறையோடு ஆடினான்,
பூனை நடந்தால் அதைவிடக் கேட்கும்.
டப் ஒரு பலகையில் மரக்கரண்டி தட்டி
அவனுக்குக் கால் கொடுத்தான்,
அரைத் தாளம் பிந்தி.

கேள்வி கேட்பது என் வேலை.
"வீட்டுக்காரர் என்ன சொன்னார், டூகல்?"
பதினாறு வருஷம் பக்கத்தில் நின்று கேட்டவள்.
சட்டத்துக்குள் ஒருவருக்குத்தான் இடமாம்.
குரல் போதும், மிஸ் டல்லக்,
என்று தரையில் சாக்பீஸ் கோடு போட்டுவிட்டார்கள்.
கோட்டுக்கு இந்தப் பக்கம் நான்.

ஜோக்கைச் சொல்லிவிட்டு டூகல் நின்றான்.
வெள்ளிக்கிழமை இரண்டாம் ஆட்டத்தில்
கிரீனக் கப்பல்தளத்து ஆட்கள் சிரிக்கிற இடம் அது.
அலை போய்த் திரும்ப நாலு மூச்சு ஆகும்.
இங்கே கம்பளிதான்.
அவன் கண் என்னைத் தேடியது.
என் தோள் குலுங்கி அடங்கும்வரை காத்திருந்து
அடுத்ததை எடுத்தான்.

ரயிலிலும் மழையிலும் இருபது வருஷம் சுமந்த சரக்கு
ஒன்பது நிமிஷத்தில் தீர்ந்தது.
நாற்பது பவுண்டு. ஆளுக்கொரு சாண்ட்விச்.

மார்ச்சில் படம் எங்களை முந்திக்கொண்டு ஊர் போய்ச் சேர்ந்தது.
ஆர்ப்ரோத்தில் மேடை ஏறினால்
மேல்மாடிப் பையன்கள் முடிவை முதலில் சொல்கிறார்கள்.
"புதுசா ஒண்ணும் இல்லையா, தாத்தா?"
அறை வாடகை பாக்கி.
சினிமா வாசல் போஸ்டரில்
தன் முகத்துக்குத் தானே மீசை வரைந்துவிட்டு வந்தான்.
படத்தைப் பார்க்க மாட்டேன் என்றான்.
"என்னைவிட மலிவாய் ஒருத்தன் ஆடுகிறான்,
அவனுக்கு நான் காசு கொடுப்பதா?"

நான் கொடுத்தேன்.
கிர்க்கால்டி, செவ்வாய் மதியம்.
மழைக்கு ஒதுங்கிய ஆறு பேர்,
அதில் ஒருவர் தூக்கம்.
திரையில் சாம்பல் டூகல்.
தகர டப்பாவில் விழுந்த குண்டூசியாய்
என் குரல் கேட்கிறது,
அவன் பதில் சொல்கிறான்.
ஒருவரும் சிரிக்கவில்லை.

அவன் நிற்கிறான்.
சட்டத்துக்கு வெளியே, இடப்பக்க இருட்டில்
எதையோ பார்த்தபடி நிற்கிறான்.
"வசனம் மறந்துபோச்சு பாவம்"
என்றார் முன்வரிசைக்காரர், காலி நாற்காலியிடம்.

மறக்கவில்லை.
கையுறைக்குள் அடைத்தது அத்தனையும்
தொண்டை கிழிய வந்தது எனக்கு.
டார்ச்சோடு ஒரு பெண் ஓடிவந்து உஸ் என்றாள்.
அதற்குள் அவன் அடுத்ததை எடுத்துவிட்டான்,
மிகச் சரியாக,
நான் முடித்த இடத்தில்.